லோஞ்சுக்கு எடுத்து வைத்த பொரி

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் என் மூத்தவன் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்து இறங்கினான். சவர்க்காரம், வாசனைப் பவுடர், உங்கள் தம்பிக்கு ஒரு கைமணிக்கூடு என்று ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தவன், அடியிலிருந்து ஒரு மட்டைப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இதை நீங்களே திறவுங்கோ அம்மா. திறந்து மணந்து பாருங்கோ."

உள்ளே இருந்த பையைக் கிழித்ததும் தேனோடு வறுபட்ட தானியத்தின் மணம் எழுந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் பிந்தி, சிவக்க வறுத்த தேங்காயின் மணம். நான் பக்கத்திலிருந்த கதிரையில் இருந்துவிட்டேன்.

பெட்டியில் 'கிரனோலா' என்று எழுதியிருக்கிறதாம். வெள்ளைக்காரர்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுவார்களாம், உடம்புக்கு நல்லதாம். மகன் வாசித்து வாசித்துச் சொன்னான். நாம் பேக்கரி அடுப்பில் சுட்டுப் போறணைப் பொரி என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு உலகத்தில் இப்படியொரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திராது. ஒரு பிடி வாயில் போட்டேன். இனிப்புத்தான் முதலில் நாக்கில் பட்டது, மற்றதெல்லாம் பிறகுதான். நீங்கள் இருந்திருந்தால், "சீனிக்குள்ள பொரியைத் தேட வேண்டிக் கிடக்கு" என்று சொல்லி அடுத்த பிடிக்குக் கை நீட்டியிருக்கமாட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகப் போகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. பழைய கதையிலிருந்து தொடங்காமல் அதைச் சொல்ல எனக்கு ஏலாது.

மட்டக்களப்பிலிருந்து நான் உங்கள் தம்பியைக் கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்தபோது, வீட்டில் இளவயதிலேயே கைம்பெண்ணான ஒரு மச்சாள் இருக்கிறா என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மூலையில் செபமாலையோடு இருக்கும் ஒருவரைத்தான் எதிர்பார்த்து வந்தேன். நீங்களோ பேக்கரி வாசலில் நின்று, ஈர விறகு கொண்டுவந்த வண்டிற்காரனைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும் ஏச்சை நிறுத்தி, "வாரும், வாரும், சாப்பிட்டீரோ?" என்றுவிட்டுத் திரும்பவும் அவனை ஏசத் தொடங்கினீர்கள். அன்றைக்கே எனக்குப் பயம் போய்விட்டது.

உங்கள் கதையை நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதில்லை. விறகு அடுக்கும்போது கொஞ்சம், பாண் சுற்றும்போது கொஞ்சம். துறைமுகத்தில் வேலை செய்த உங்கள் கணவர் கலியாணம் முடித்து இரண்டு வருடமாகுமுன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளையில்லை. அதன் பிறகு வெள்ளைக்காரக் கடற்படைக்காரரின் பங்களா ஒன்றில் துரைசானியின் பிள்ளைகளைப் பார்க்கப் போனீர்கள். அவர்களின் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போனதும் அந்த வேலையும் போய், தம்பியின் பேக்கரிக்கு வந்தீர்கள். வந்த நாளிலிருந்து அது உங்கள் பேக்கரியாகத்தான் இருந்தது. உங்கள் தம்பி நல்ல மனிதர். ஆனால் கடனுக்குப் பாண் கேட்டவனிடம் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

பிறகு கோதுமை மா தட்டுப்பாடு வந்தது. பாணுக்காக விடிய முன்னமே சனம் வரிசையில் நின்ற காலம். கூப்பனுக்குக் கிடைத்த மாவைக் குழைத்துச் சுட்டால் சூரியன் எழும்புவதற்குள் விற்று முடிந்துவிடும். வரிசையின் பின்பாதி வெறுங்கையோடு திரும்பும். போறணை மட்டும் மத்தியானம் வரைக்கும் சூடாகவே இருக்கும், உள்ளே வைக்க ஒன்றுமில்லாமல். போறணை பார்த்த கபூர் நானா கிண்ணியாக்காரர். அவரையும் மற்ற வேலையாட்களையும் நிற்பாட்டுவதைப் பற்றி உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டு கதைத்த அன்றுதான் நீங்கள் சொன்னீர்கள்.

"மா இல்லாட்டி, மா இல்லாத ஒண்டைச் சுடுவம்."

துரைசானி ஓட்ஸையும் பருப்பு வகைகளையும் தேனில் பிரட்டி அடுப்பில் வைத்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நீங்கள் பார்த்திருந்தீர்கள். ஓட்ஸ் டின் அந்த நாளில் கடையில் கண்ணாலும் காணக் கிடைக்காது. "ஓட்ஸ் என்ன ஓட்ஸ், அதுவும் தட்டையாக்கின தானியம்தானே. எங்களிட்ட அவல் இருக்கு" என்றீர்கள். அவல் மூதூரிலிருந்து வந்தது. கச்சான் கடலையும் எள்ளும் பயறும் அங்கிருந்துதான். தேன் வெருகல் காட்டுப் பக்கத்திலிருந்து. காய்ந்த முந்திரிகைப் பழத்துக்குப் பதிலாகப் பாலைப்பழம். சீசனில் கூடை கூடையாய் வாங்கி, விதை எடுத்து, பாயில் காயவைத்தோம். அதைக் காயவைத்த நாட்களில் என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

முதல் தட்டு கரிந்தது. தேனை முதலிலேயே கலந்துவிட்டோம். மற்றது வறுபடுவதற்குள் தேன் கறுத்து, பேக்கரி முழுக்கக் கசப்புப் புகை. கபூர் நானா இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்து, "தங்கச்சி, இது சாப்பிடுறதுக்கா, நுளம்புக்குப் புகை போடுறதுக்கா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

இரண்டாவது தட்டு நன்றாக வந்தது. ஆனால் ஆறுவதற்குள் டின்னில் போட்டு மூடினோம். அடுத்த நாள் திறந்தால் துறைமுகக் காற்றுப் பட்ட பப்படம் போலச் சவசவத்திருந்தது. அதற்குப் பிறகுதான் வழி பிடிபட்டது. அவலைத் தனியாக, கச்சானைத் தனியாக, பயறைத் தனியாகத் தாச்சியில் வெறுமனே வறுப்பது. ஒவ்வொன்றும் சிவக்கிற நேரம் வேறு. எள்ளைக் கடைசியில், அது வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுவது. தேங்காயைப் பூவாய்த் துருவாமல் மெல்லிய சீவலாய்ச் சீவுவது. தேனைக் கொஞ்சத் தேங்காயெண்ணெயோடு இளஞ்சூடாக்கி, நிலாவெளி உப்பு ஒரு சிட்டிகை போட்டு, எல்லாவற்றையும் பிரட்டி, தட்டில் அழுத்திப் பரப்பி, தணலெல்லாம் வாரியெடுத்த போறணையின் வாய்ப்பக்கத்தில் வைப்பது. வெளியே எடுத்த பிறகு கையே வைக்கக்கூடாது. நான் பொறுமையில்லாமல் கிளறப் போனால் என் கையைத் தட்டிவிடுவீர்கள்.

"விடும். ஆறட்டும். ஆறினாப் பிறகு தானா உடையும்."

ஆறிய தட்டைத் தூக்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். சின்னச் சின்னக் கட்டிகளாக உடைந்து விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் கபூர் நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார்.

முதலில் சனம் சிரித்தது. பாண் கேட்டால் பொரி தருகிறார்கள் என்று. பிறகு ஆஸ்பத்திரித் தாதிமார் வாங்கினார்கள். மருத்துவிச்சி அம்மா பிள்ளைத்தாய்ச்சிகளிடம், "சும்மா வெறுந்தேத்தண்ணியோட இருக்காதேங்கோ, ஒரு கோப்பை போறணைப் பொரி தயிரோட சாப்பிடுங்கோ" என்று சொல்லத் தொடங்கினா. பேரும் அப்படித்தான் விழுந்தது. காலையில் பாண் வரிசை கலைந்த பிறகு, பத்துமணி போல, பொரி வாங்க வேறொரு சின்ன வரிசை வரும். வேலையாட்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பஞ்சத்தில் பேக்கரியைப் பிடித்து நிறுத்தியது உங்கள் இரண்டு கைகள். இதை உங்கள் தம்பி உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்தச் சாமான்களெல்லாம் மூதூரிலிருந்து கடல்வழியாக லோஞ்சில் வந்தன. லோஞ்சு ஓட்டியவர் சவிரிமுத்து. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. மனைவி போனபோது மகள் ஜெசிந்தா கைக்குழந்தை. மகளைத் தானே வளர்த்து மன்னாரில் கட்டிக் கொடுத்துவிட்டு மூதூரில் தனியாக இருந்தவர். சாக்குகளைக் கூலியாளிடம் விடாமல் தானே பேக்கரிக்குக் கொண்டுவருவார். இறக்கி வைத்துவிட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணீரோடு விறாந்தை மரவாங்கில் இருப்பார். முதல்முறை பொரி கொடுத்தபோது வேண்டாமென்று தலையாட்டினார்.

"எனக்குச் சீனி வருத்தம். பாணும் குறைக்கச் சொன்னவை, இனிப்பும் தொடக்கூடாதாம்."

நீங்கள் பொரியைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். அடுத்த கிழமை மேல்தட்டில் ஒரு சின்ன டின் இருந்தது. பெரிய டின் வெறுமையாகிவிட, நான் அதை எடுக்கப் போனேன்.

"அதை எடுக்காதையும். அது லோஞ்சுக்கு."

"லோஞ்சு பொரி சாப்பிடுமோ மச்சாள்?"

நீங்கள் மறுபக்கம் திரும்பி எள்ளுப் புடைக்கத் தொடங்கிவிட்டீர்கள். உங்கள் காது சிவந்ததை நான் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் காது அப்படிச் சிவக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு இரகசியமாகத் திறந்து பார்த்தேன். தேனில்லை, பாலைப்பழமில்லை. அவல் கொஞ்சம்தான். கச்சானும் எள்ளும் பயறும் தேங்காய்ச் சீவலும் நிறைய. இனிப்பில்லாத குறை தெரியாமலிருக்கக் கறுவாப்பட்டை இடித்துப் போட்டிருந்தீர்கள். அவர் அதை எருமைத் தயிரோடு சாப்பிடுவதாகச் சொன்னார். "இப்ப உடம்பு லேசாக் கிடக்கு" என்றார். அதற்கு நீங்கள், "தயிர் புளிச்சால் போடாதேங்கோ" என்றீர்கள். ஒவ்வொரு கிழமையும் உங்கள் இரண்டு பேரின் கதையும் அவ்வளவுதான். ஆனால் லோஞ்சு வரும் நாளில் நீங்கள் வெள்ளனவே குளித்துவிடுவீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வெள்ளைச் சேட்டோடு வீட்டுக்கு வந்தார். சாக்கில்லாமல் அவர் வந்து நின்றது எங்களுக்கே விசித்திரமாயிருந்தது. உங்கள் தம்பி கதிரையை இழுத்துப் போட்டார்.

"சுத்தி வளைச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது தம்பி. உங்கட அக்காவை எனக்குக் கட்டித் தருவீங்களோ எண்டு கேக்க வந்தனான்."

உங்கள் தம்பி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதை அக்காட்டயெல்லோ கேக்க வேணும்" என்றார். குசினிக்குள் நீங்களும் நானும் நின்றிருந்தோம். நீங்கள் வெளியே போகவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்தே பதில் சொன்னீர்கள்.

"கேட்டது விளங்கினது. இப்ப ஏலாது."

"இப்ப ஏலாதெண்டால், எப்ப ஏலும்?"

"பாண் திரும்பி வரட்டும்."

அவர் யோசித்தார். "அப்ப காத்திருக்கிறன்" என்று எழும்பினார். போகும்போது ஒரு சிரிப்பு. பதில் கிடைத்தவரின் சிரிப்பு.

நான் அன்றைக்கே உங்களிடம் சொன்னேன். நீங்கள் போங்கோ மச்சாள், பேக்கரியை நாங்கள் பார்ப்போம் என்று. உங்கள் தம்பியும் சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. "நான் போனால் இவன் ஒரு மாதத்தில போறணையைப் பூட்டிப்போடுவான். கபூர் நானா பிள்ளை குட்டிக்காரன்" என்றீர்கள். அது பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதோடு ஜெசிந்தாவும் வந்தாள். கதை மன்னார் வரைக்கும் போயிருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேக்கரி வாசலில் நின்று, உள்ளே வரமாட்டேனென்றாள்.

"இந்த வயசில அப்பாவுக்குக் கலியாணமோ? நான் அங்க மாமியாக்களுக்கு முன்னால எப்பிடித் தலை நிமிர்ந்து நிக்கிறது? எங்கட அம்மாவின்ர இடத்தில இன்னொராள் வேண்டாம்."

வாசலில் பொரி வாங்க நின்ற ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பிள்ளைக்கு வெயில் பிடிக்குது, நிழலுக்கு வாரும்" என்றீர்கள். அவள் வராமலே போனாள். நான் அவளுக்குப் பின்னால் போகப் புறப்பட்டேன். நீங்கள்தான் என்னை அடக்கினீர்கள். "தாயில்லாமல் வளந்த பிள்ளை. அப்பிடித்தான் கதைக்கும். அதின்ர மனமும் ஆறட்டும்."

இப்படி இரண்டு காத்திருப்பு. மா வரவேண்டும், ஒரு பெண்ணின் மனம் ஆறவேண்டும். இரண்டுக்கும் நடுவில் வருடங்கள் போயின. கிழமைக்குக் கிழமை சின்ன டின் போகும், வெறும் டின் வரும். அவர் கேள்வியைத் திரும்பக் கேட்டதேயில்லை. நீங்கள் கேட்க வைத்ததுமில்லை. அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுப்பதில்லை. யாரில் கோபிப்பது? வராத மாக் கப்பலிலா? ஒரு மனுசியின் வாழ்க்கை பாண் மாவுக்காகக் காத்துக் கிடந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா?

ஆட்சி மாறி மா தாராளமாக வந்தது. வரிசைகள் கரைந்தன. சனம் பாணைக் கண்டதும் பொரியை மறந்தது. இரண்டு மாதத்தில் பத்துமணி வரிசையில் ஒருவருமில்லை. உங்களுக்கு மனம் நோகுமென்று நினைத்தேன். நீங்கள் கழுவிய தட்டுகளை வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, "இனிப் போறணைக்கு நான் தேவையில்லை" என்றீர்கள். அதைச் சொன்ன முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

அன்று பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போனீர்கள். லோஞ்சு வந்து கட்டியது. அவர் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்தபோது நீங்கள் நேரே போய் நின்றீர்கள்.

"பாண் வந்திட்டுது."

"கண்டனான். மூதூரிலயும் வந்திட்டுது."

"அப்ப ஃபாதரிட்டச் சொல்லுவம்."

"ஓம்" என்றார். அவ்வளவுதான். சனங்கள் பெட்டி படுக்கையோடு உங்களை இடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அசையாமல் நின்றீர்கள். நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்று அழுதேன், மச்சாள். சந்தோசத்தில்தான் அழுதேன்.

கோயிலில் கலியாணத்துக்கான முதல் அறிவித்தல் வாசிக்கவிருந்த ஞாயிறுக்கு முன், அவர் லோஞ்சிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும்போது சிப்பி ஓடு ஒன்று உள்ளங்காலைக் கிழித்தது. சின்னக் காயம். அவர் உங்களுக்குச் சொல்லவில்லை. சீனி வருத்தக்காரனின் காலில் சின்னக் காயமென்று ஒன்றில்லை என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. காய்ச்சலோடு அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கறுத்திருந்தது.

நீங்கள் ஒவ்வொரு நாளும் போனீர்கள். மன்னாரிலிருந்து ஜெசிந்தா வந்த பிறகு உள்ளே போகவில்லை, வெளி வாங்கில் இருந்தீர்கள். ஒருநாள் காலை நானும் கூட இருந்தேன். புதிதாக வந்த தாதி ஒருத்தி, "நீங்கள் நோயாளிக்கு என்ன முறை?" என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவளிடம், "பேக்கரியில இருந்து வாறம்" என்றீர்கள்.

அவர் அந்தக் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

செத்தவீட்டுக்கு மூதூருக்குப் போனோம். அவருடைய லோஞ்சை வேறொருவர் ஓட்டினார். வீட்டுக்குள் பெண்கள் பிரேதத்தைச் சுற்றியிருந்து ஒப்பாரி வைத்தார்கள். நீங்கள் உள்ளே போய் இருப்பதற்கு ஓரிடம் இல்லை. மனைவியில்லை, சகோதரியில்லை, சொந்தமில்லை. வேலியோரத்தில் வேப்பமரத்தின் கீழ் ஊராரோடு நின்றீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லோரோடும் சேர்ந்து சிலுவை போட்டீர்கள். திரும்பி வரும்போது லோஞ்சின் ஓரத்தில் இருந்து, பின்னால் போகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். துறைமுகத்து மலை தெரியத் தொடங்கியபோது ஒரேயொரு வசனம் சொன்னீர்கள்.

"கொஞ்சம் முந்தியே சொல்லியிருக்கலாம்."

நான் உங்கள் கையைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகும் நீங்கள் பேக்கரிக்கு வந்தீர்கள், விறகு வண்டிற்காரனை ஏசினீர்கள். சனிக்கிழமைகளில் மட்டும், வாங்க ஆளில்லாத பொரியை ஒரு சின்னத் தட்டில் வைத்து எடுத்தீர்கள். தேனில்லாமல், கறுவாப்பட்டை போட்டு. அதைத் தயிரில் போட்டு நீங்களே சாப்பிட்டீர்கள். அதுவரைக்கும் நீங்கள் போறணைப் பொரி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ருசி மட்டும்தான் பார்ப்பீர்கள். பிறகொரு மழைக்காலத்தில் நெஞ்சு நோகுதென்று படுத்தீர்கள். ஃபாதர் வந்து சேர நேரமிருந்தது, டொக்டர் வந்து சேர நேரமிருக்கவில்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம் பேக்கரி வாசலில் ஒரு பெண் நின்றாள். வயதுக்கு முந்தியே அரைத்தலை நரைத்திருந்தது. எனக்கு உடனே மட்டுக்கட்ட முடியவில்லை.

"சின்னம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டாள்.

"எந்தச் சின்னம்மா பிள்ளை?"

"எங்கட சின்னம்மா. பொரி போடுறவ." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் ஜெசிந்தா."

அவளுடைய மகளுக்குப் புதுநன்மையாம், முதல்முறை நற்கருணை வாங்கப் போகிறாளாம். உங்களை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள். பஸ்ஸில் வந்த தூசி முகத்திலும் சேலையிலும். கையில் உங்களுக்கு வாங்கிய ஒரு நல்ல சேலை. நான் அவளை உள்ளே இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன். சொல்லி முடித்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா கடைசி நாள் காலமை என்னட்டக் கேட்டவர் மாமி. 'சின்னம்மா வெளியில நிப்பா, உள்ள கூட்டிக்கொண்டு வா' எண்டு. அவ வாங்கில இருக்கிறா எண்டு எனக்குத் தெரியும். கதவு வரைக்கும் போனனான். கூப்பிடேல்லை. திரும்பி வந்து, அவ வீட்ட போயிட்டா எண்டு சொன்னனான்."

மச்சாள், அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை உங்களுக்கு ஒளிக்க மாட்டேன். எழும்பிப் போ என்று சொல்ல வாய் வந்தது. தாதி முறை கேட்ட அதே காலையில் நீங்கள் அந்த வாங்கில் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் கண்டவள் நான். கதவுக்கும் வாங்குக்கும் எவ்வளவு தூரம்? ஒரு குரல் போதும்.

அவள் கேட்டாள். "அவ என்னைப் பற்றி எப்பவாவது ஏதும் சொன்னவவோ?"

நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை, அப்படித்தான் கதைக்கும் என்று சொன்னா. உன் பிள்ளைக்கு வெயில் பிடிக்குது என்று கவலைப்பட்டா. வேறொன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் மேசையில் தலையை வைத்து அழுதாள். நான் அழவிட்டேன். கொஞ்சநேரத்தில் என் கை தானாகவே அவள் முதுகில் போய் இருந்தது. கோபம் முழுக்கப் போகவில்லை. கை மட்டும் போனது.

வெயில் தணிய அவளைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மணலில் உங்களின் சிலுவை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் முழங்காலில் நின்று அதை நிமிர்த்தி, மண்ணைக் கையால் அணைத்து இறுக்கினாள். செபம் சொல்லுவாள் என்று நினைத்து நான் தலையை மூடினேன். அவள் செபம் சொல்லவில்லை.

"சின்னம்மா" என்று கூப்பிட்டாள். வீட்டு வாசலில் நின்று உள்ளே இருப்பவரைக் கூப்பிடுவதுபோல. "சின்னம்மா, நான் வந்திருக்கிறன்."

கூப்பிட்டுவிட்டு, பதில் வரும் என்பதுபோல் அப்படியே காத்திருந்தாள். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களை ஒருவரும் கூப்பிடாத பெயர் அது. வெளி வாங்கில் இருந்த அன்று ஒருமுறை காதில் விழுந்திருந்தால், அந்தத் தாதியிடம் நீங்கள் வேறு பதில் சொல்லியிருப்பீர்கள்.

அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. என் குரல் உங்கள் குரலில்லை, அவளுக்கும் அது தெரியும். ஆனாலும், உங்களுக்குப் பதிலாக, "ஓம் மகள்" என்று நான் சொன்னேன்.